முதலாளி கொடுத்த வண்டி

“சார், எஞ்சின் மௌத்,” என்றார் குலாம் ரசூல்.

கணேசமூர்த்திக்கு முதலில் பிடிபடவில்லை. அசோக் நகரிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை வரைக்கும் கயிறு கட்டி இழுத்துவந்த வெள்ளை சான்ட்ரோ, பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் குலாம் ரசூல், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்ட விதமே சரியில்லை.

“மௌத்துன்னா?”

“மௌத்துன்னா மௌத்துதான் சார். உள்ள மொத்தமும் புடிச்சிகினு கீது. ஆஸ்பத்திரி கேஸ் இல்ல. நேரா அடக்கம்தான்.”

“ரிப்பேர் பண்ண முடியாதா பாய்?”

“பண்ணலாமே. வண்டி வெலைய விட ஜாஸ்தி ஆவும். பரவால்லியா?”

கணேசமூர்த்தி அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டி கைக்கு வந்து நாற்பதே நாள். நாற்பது நாளில் ஒரு எஞ்சினைக் கொன்றுவிட்டோமே என்றுதான் அவருக்கு நினைப்பு.

சாதாரண வண்டியாக இருந்தால் தலைமுழுகிவிட்டுப் போய்விடலாம். இது முதலாளி கொடுத்த வண்டி. பாண்டி பஜார் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவில், முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் கணேசமூர்த்தி. நின்றுகொண்டே என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தவனைத்தான் முறைத்துப் பார்த்தார்கள்.

அவர் ஓய்வு பெற்ற அன்று கடையின் கீழ்த்தளத்தில் எல்லோரையும் கூட்டி, மாலை போட்டு, தன் சொந்தக் காரின் சாவியை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினார் முதலாளி. ஒரே கைதட்டல். வீடியோ வேறு எடுத்தார்கள். கணேசமூர்த்தி இரண்டு கையாலும் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காரின் விலை என்று கிராஜுவிட்டியில் இரண்டு லட்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பணம் கையில இருந்தா கரைஞ்சு போயிரும்யா கணேசா. வண்டின்னா நிக்கும்,” என்றார் முதலாளி.

செய்தியைக் கேட்டதும் மனைவி புஷ்பம் சொன்னது ஒரே வார்த்தைதான். “சொன்ன மாதிரியே நின்னுட்டுல்லா!”

“ஏ புஷ்பம், வாய மூடு. தப்பு என் மேல. எனக்குச் சரியா ஓட்டத் தெரியல.”

“வாங்கும்போது தொறந்து பாத்தீகளா?”

பார்க்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து தறிக்காரர் கொண்டுவரும் புடவையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய், தலைப்பிலிருந்து கடைசி முழம் வரை பிரித்து, கரையில் ஓர் இழை விட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற மனிதர். ஆனால் முதலாளி முன்னால் பானெட்டைத் திறப்பதாவது! மணமேடையிலேயே மொய்க் கவரைப் பிரித்து எண்ணுகிற மாதிரி அல்லவா ஆகிவிடும்? எஞ்சின் வண்டிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுகூட அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னும் இருபது நாளில் மயிலாப்பூரில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். கடையே அங்கேதான் இருக்கும். மண்டப வாசலில் முதலாளி நிற்பார். கணேசன் எதில் வருகிறான் என்று பார்ப்பார். ஆட்டோவில் போய் இறங்கினால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி கொடுத்தாரே, இப்படிக் கொன்றுவிட்டாயேடா என்று ஒரு பார்வை பார்த்தாலே போதும், முப்பத்தொரு வருஷப் பெயர் போச்சு. கணேசமூர்த்தி வாழ்க்கையில் சம்பாதித்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

“அவுக அத்தனை பெரிய மனுசங்க வர்ற கல்யாணத்துல, உங்களப் பாக்கவா வாசல்ல நிப்பாக?” என்றாள் புஷ்பம்.

“நிப்பாரு.”

“கீழ்வீட்டு அட்வான்ஸ் பணத்துல கை வைக்காதீக. அம்புட்டுதான் சொல்லுவேன்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்றாவது மாடி வாடகை வீடு. லிஃப்ட் கிடையாது. புஷ்பத்தின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போடும். மிச்சமிருந்த கிராஜுவிட்டியில் அடுத்த தெருவில் கீழ்வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தார்கள். கணேசமூர்த்தி அந்தப் பணத்தில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, மறுநாளே வைத்தார்.

சிக்கனமாக முடிக்க வேண்டும் என்று நினைத்ததுதான் வினை. கடைக் கிடங்கில் வேலை பார்க்கும் சக்திவேலுக்குத் தெரிந்த ஒருவன், உடைத்த வண்டிகளின் சாமான் விற்கும் யார்டில் பாதி விலைக்கு எஞ்சின் பேசி முடித்தான். குலாம் ரசூலைக் கேட்காமலே பணம் கொடுத்து, குட்டியானை வேனில் ஏற்றி, முன் சீட்டில் தானும் உட்கார்ந்து, பட்டறை வாசலில் வந்து இறங்கினார் கணேசமூர்த்தி. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

குலாம் ரசூல் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “சோக்கா கீது சார். நல்ல எஞ்சின்.”

“அப்ப ஏத்திட வேண்டியதுதானே பாய்?”

“ஏத்திடலாம். இத்த மாட்டற மாதிரி இன்னொரு வண்டி வாங்கிக்கினு வாங்க. இது டீசல் எஞ்சின். உங்களுது பெட்ரோல் வண்டி.”

குட்டியானை அப்படியே திரும்பியது. யார்டு உரிமையாளர் தௌசீஃப் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சுவரில் இருந்த போர்டை மட்டும் காட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. மாற்றிக்கொள்ளலாம்.’

இதே போர்டைக் கணேசமூர்த்தி முப்பத்தொரு வருஷம் விரலால் காட்டியிருக்கிறார். மகள் நிச்சயதார்த்தம் நின்றுபோய்ப் புடவையைத் திருப்பிக் கொடுக்க வந்து அழுத ஒரு அம்மாவிடம்கூட, சிரித்த முகத்தோடு காட்டியிருக்கிறார். போர்டுக்கு இந்தப் பக்கம் நின்று படிப்பது இதுதான் முதல் தடவை.

“நீங்க வயசானவரு. உங்கள ஏமாத்தி நான் ஒண்ணும் கோட்டை கட்டப் போறதில்ல,” என்றார் தௌசீஃப். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு எஞ்சின் வந்துச்சு. சான்ட்ரோதான். குடும்பத்து வண்டியோடது, அடிபட்ட சரக்கு இல்ல. ஆனா வெல கொஞ்சம் கூட.”

கொஞ்சம் என்றால் கொஞ்சமில்லை. டீசல் எஞ்சினைக் கழித்துக்கொண்டு மேலே போட்டுக் கொடுத்ததில், கீழ்வீடு அன்றைக்கே கைவிட்டுப் போயிற்று. புஷ்பத்திடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும், ஒவ்வொரு படியிலும் நின்று, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினாள்.

எஞ்சின் நல்ல எஞ்சின்தான். குலாம் ரசூலே ஒத்துக்கொண்டார். செத்த எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கிவிட்டு, புதிதாக வந்ததை ஏற்றும்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“சார், இந்த வண்டில எவனோ முன்னாடியே கை வச்சிகீறான்.”

“என்ன பாய் சொல்றீங்க?”

“வயர பாருங்க. கட் பண்ணி, முறுக்கி, டேப் சுத்தி வச்சிகீறான். போல்ட்டு தலையெல்லாம் ஸ்பேனர் பட்ட அடையாளம், இன்னும் துரு கூட ஏறல. எஞ்சின ஒரு தபா இறக்கி ஏத்தாம இப்டி ஆவாது.”

கணேசமூர்த்திக்கு வந்ததே கோபம்! “பாய், பாத்துப் பேசுங்க. இது எங்க முதலாளி வண்டி. அவரைத் தவிர இன்னொருத்தர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. எனக்குக் குடுக்கறதுக்கு முன்னால பத்து நாள் கார் கம்பெனியில விட்டு, பாலிஷ் போட்டு, ராஜா மாதிரி கொண்டாந்து குடுத்தாரு. உங்க வேலையில இருக்கற கோளாறை மறைக்கறதுக்கு அவர் மேல பழி போடாதீங்க.”

குலாம் ரசூல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “முப்பது வருசமா எஞ்சின் இறக்கிக்கினு கீறன். என்னியப் பாத்து திருட்டு வேலைன்னு சொல்லிட்டீங்க இல்ல? அப்ப நீங்களே மாட்டிக்கினு போங்க.”

மூன்று நாள் பட்டறையில் அந்த வண்டி மட்டும் அநாதையாக நின்றது. போன் போட்டால் எடுக்கவில்லை. நேரில் போனால் பாய் டீ குடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. கணேசமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அந்த முழங்காலோடு மூன்று மாடி இறங்கி, பஸ் ஏறி, புஷ்பமேதான் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனாள்.

“அவுக மொதலாளின்னா இவருக்குச் சாமி மாதிரி. நீங்க மனசுல வச்சுக்காதீக பாய்,” என்றாள்.

“நான் சாமிய ஒண்ணியும் சொல்லலியேம்மா. வயரத்தான் சொன்னன்.”

“எனக்குத் தெரியும். நான் அந்தச் சாமியக் கும்புடுறதில்ல. நீங்க வேலையப் பாருங்க.”

வேலை மறுபடி ஆரம்பித்தது. எஞ்சின் சாவி போட்ட முதல் தடவையே ஸ்டார்ட் ஆகி, சத்தமே இல்லாமல் ஓடியது. ஆனால் எவனோ வெட்டி ஒட்டிய வயர்களின் கூத்துதான் தாங்கவில்லை. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஓடியது. ஹாரனை அடித்தால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வயராகப் பிரித்துச் சரிசெய்ய ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் கூலிக்காக, செத்த எஞ்சினை இரும்பு விலைக்கு எடை போட்டு விற்றார் கணேசமூர்த்தி. தராசில் அது ஏறும்போது, ‘என்னை மன்னிச்சிடு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பைத்தியக்கார மனுஷன்.

எல்லாம் முடிந்தது என்று சாவிக்குக் கை நீட்டினார்.

“இன்னும் ஒண்ணு கீதே சார்,” என்றார் குலாம் ரசூல். “எஞ்சின் மாத்தினா நம்பர் மாறிடும். ஆர்.சி.ல ஒரு நம்பர், வண்டில ஒரு நம்பர்னா, போலீஸ் புடிச்சா திருட்டு வண்டின்னு எழுதிக்குவாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி நம்பர மாத்திக்கணும். ஆர்.சி. எடுத்துக்கினு வாங்க.”

கணேசமூர்த்தியிடம் ஆர்.சி. இல்லை. பெயர் மாற்றவே இல்லை. ‘அதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்யா’ என்று முதலாளி தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். எந்த மனிதருக்குத் தெரியக் கூடாது என்று கீழ்வீட்டையே விழுங்கினாரோ, அவரிடமே போய் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அடையாறு வீட்டில் ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சோபா முழுக்கக் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். நடுவில் முதலாளி.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“என்னய்யா, எங்கயும் கொண்டுபோய் இடிச்சுட்டியா?”

“எஞ்சின் போயிட்டுதுங்க ஐயா. நான்தான் சரியாப் பாத்துக்கல.”

முதலாளி கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார். அவரை நிமிர்ந்து பார்க்கக் கணேசமூர்த்திக்குத் துணிச்சல் வரவில்லை. பத்திரிகைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு இருமல் இருமினதில்லய்யா அந்த வண்டி,” என்றார் முதலாளி. குரலில் அவ்வளவு வருத்தம். “நாப்பது நாள்ல கொன்னுட்டியே!”

கணேசமூர்த்தியின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. “வேற எஞ்சின் வாங்கி மாட்டிட்டேங்க ஐயா. ஆர்.டி.ஓ.வுல எழுதிக் குடுக்கணுமாம். ஆர்.சி.யும் உங்க கையெழுத்தும் வேணும்.”

“ஆர்.டி.ஓ.வா? அங்கெல்லாம் எதுக்குப் போறே? பேசாம ஓட்டிக்கிட்டுத் திரி.”

“போலீஸ் புடிச்சா உங்க பேர்தானுங்களே ஐயா வரும்? உங்க பேருக்கு ஒண்ணு வந்தா நான் தாங்கமாட்டேன்.”

முதலாளி மோவாயைத் தடவினார். “அந்தப் பழைய எஞ்சின் எங்க இருக்கு?”

“எடைக்குப் போட்டுட்டேங்க. இந்நேரம் உருக்கியே இருப்பாங்க.”

“நல்ல காரியம் பண்ணினே,” என்றார் முதலாளி. உடனே பேனா கேட்டார். காட்டிய இடத்தில் எல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். ஆர்.சி.யையும் உள்ளேயிருந்து எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தார். கணேசமூர்த்தி திரும்பும்போது, “கல்யாணத்தன்னிக்கு விடியற முன்னாடியே மண்டபத்துக்கு வந்துரு. சம்பந்தி வீட்டுக்கு வச்சுக் குடுக்கற புடவைய எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. உன்ன மாதிரி மடிக்க எவனுக்குத் தெரியுது?” என்றார்.

மன்னித்துவிட்டார்! கணேசமூர்த்தி பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“கூலி உண்டா?” என்று கேட்டாள் புஷ்பம்.

“உனக்கெல்லாம் அந்த மனுஷன் மனசு புரியாது.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ். சான்ட்ரோ பளபளவென்று நின்றது. கணேசமூர்த்தி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின் சீட்டில் புஷ்பம். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், இவர்தான் பிடிவாதமாக அழைத்துவந்தார். இங்கிருந்து நேரே கபாலி கோயில், அப்புறம் நாளைக்கு மண்டபம், எல்லாம் இனிமேல் இந்த வண்டியில்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வெகுநாள் கழித்து அவளும் லேசாகச் சிரித்தாள். பட்டறையை மூடிவிட்டுக் குலாம் ரசூலும் கூட வந்திருந்தார்.

வாசலில் டைப் அடிக்கிறவர், ஆர்.சி.யைப் பார்த்துப் பழைய எஞ்சின் எண்ணை அடித்துவிட்டு, புதிய எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். எஞ்சினில் எண் இருந்த இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. அதிகாரி பார்த்து எழுதிக்கொள்வார் என்று சொன்னார்கள்.

வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் விஜயலக்ஷ்மி, நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்த இடத்தைத் துணியால் துடைக்கச் சொன்னார். ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் நாளைக்கு ஆட்டோதான். அதனால் கணேசமூர்த்தி கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

“மேடம், தப்பெல்லாம் என்னுதுதான். வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல. எங்க முதலாளி அவரு கையால குடுத்தது. முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தேன். எந்த முதலாளி மேடம் சேல்ஸ்மேனுக்குத் தன் சொந்தக் காரைக் குடுப்பாரு? எனக்குத்தான் வச்சுக் காப்பாத்தத் தெரியல. எஞ்சினைக் கெடுத்துட்டேன். இப்ப வேற வாங்கி மாட்டியிருக்கேன். யார்டுல வாங்கின பில்லு இருக்கு. புது நம்பரை மட்டும் ஏத்திக் குடுத்தீங்கன்னா, நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இதுலயே போய் இறங்கிடுவேன். அவர் பாத்தா சந்தோஷப்படுவாரு.”

விஜயலக்ஷ்மி எஞ்சின் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தாளை எடுத்து ஆர்.சி.யின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குனிந்து எஞ்சினை இன்னொரு தடவை பார்த்தார். மறுபடி ஆர்.சி.யைப் பார்த்தார்.

“இந்த வண்டி வேற யார் கையிலயாவது இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். வாங்கின நாள்லேர்ந்து முதலாளிகிட்ட, அப்புறம் என்கிட்ட. நடுவுல யாரும் கிடையாது,” என்றார் கணேசமூர்த்தி, பெருமையாக.

குலாம் ரசூல் எட்டித் தாளைப் பார்த்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். அப்புறம் கணேசமூர்த்தியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன மேடம், நம்பர் சரியா விழலையா?”

விஜயலக்ஷ்மி தாளையும் ஆர்.சி.யையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தார்.

“எதை சார் நான் மாத்தறது? ரெண்டும் ஒரே நம்பர்தான். நீங்க யார்டுல காசு குடுத்து வாங்கினது, இந்த வண்டியோட சொந்த எஞ்சின். இதைக் கழட்டி வித்துட்டு, செத்த எஞ்சினை மாட்டித்தான் உங்க கையில சாவியைக் குடுத்திருக்காரு உங்க முதலாளி.”